பூச்சிச் சிவப்பு, விதை மஞ்சள்: இயற்கைச் சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கடைவீதியில் ஒரு நடை போனால் கண்ணைப் பறிப்பதெல்லாம் நிறம்தான். ரோஸ் நிறச் சாக்லேட், பிளம் ஜாம், ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம், ஆரஞ்சு நிறச் சீஸ். “கலர் போட்டதா?” என்று கேட்டால், “இயற்கைக் கலர்தாங்க, ஒண்ணும் பண்ணாது” என்பார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மை. மிகச் சிலருக்கு மட்டும், தின்ற அரை மணி நேரத்தில் உதடு தடித்து, உடம்பெல்லாம் காணாக்கடி எழும்பிவிடும். அந்தச் சிலருக்கும், அவர்கள் வீட்டாருக்கும், அவர்களுக்குப் பண்டம் விற்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

செயற்கைச் சாயத்தைக் கண்டு நாம் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் அது விஷக் கணக்கு. யார் தின்றாலும் கெடுதல். ஒவ்வாமை வேறு கணக்கு. ஒருவரின் உடம்பு மட்டும், ஊருக்கெல்லாம் நல்லதாக இருக்கும் ஒரு பொருளை எதிரியாக நினைத்துப் போரிடுகிறது. பெரும்பாலும் அது எதிர்ப்பது புரதத்தை. ஆய்வகத்தில் செய்த சாயத்தில் புரதம் இல்லை. செடியிலிருந்தோ பூச்சியிலிருந்தோ எடுத்த சாயத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ‘இயற்கை’ என்ற சொல் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

முதலில் உயிர்

தோலில் அரிப்பும் தடிப்பும் மட்டும் என்றால் பதற்றம் வேண்டாம். ஆனால் தனியே விடக்கூடாது. இரண்டு மணி நேரமாவது பக்கத்தில் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அவசரம்:

- குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, நாக்கு வீங்குவது
- மூச்சிரைப்பு, விடாத இருமல், நெஞ்சில் இறுக்கம்
- தலைசுற்றல், முகம் வெளுத்துச் சில்லிடுவது, மயக்கம்
- தடிப்போடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாந்தி

உடனே 108. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள், இரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று எழுப்பி நடத்துவதே ஆளைச் சாய்த்துவிடும்.

மலையில் நடக்கிற பெரிய தவறு, “கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்று காரைக் கிளப்புவது. வத்தலக்குண்டு இறங்கவோ மேட்டுப்பாளையம் இறங்கவோ ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். மசினகுடிப் பக்கம் இருப்பவருக்குக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் குறுக்கே நிற்கும். தேவைப்படும் மருந்து அட்ரினலின். அது மிகப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் “சாப்பிட்டதும் அலர்ஜி, மூச்சு முட்டுது” என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். குணம் தெரியவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும், தொண்டை அடைப்பைத் திறக்காது. அதை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது நேரத்தைத் தொலைப்பதாகும்.

ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம். மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்க்காரர்களும், மஞ்சூர், கீழ்கோத்தகிரிப் பக்கம் உள்ளவர்களும் அன்று இரவு மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கிவிடுவது நல்லது.

அன்றே எழுதி வைக்க வேண்டியது

அடங்கிய கையோடு ஒரு நோட்டை எடுங்கள். நாள் கடந்தால் ஞாபகம் நமக்குப் பிடித்த காரணத்தின் பக்கம் சாய்ந்துவிடும். தின்ற நேரம், முதல் அரிப்பு தொடங்கிய நேரம், எவ்வளவு தின்றது (இரண்டு துண்டா, ஒரு பெட்டியா), எந்தக் கடை, என்ன நிறம். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சம் இருந்தால் சுத்தமான சின்னப் பாட்டிலில் இரண்டு தேக்கரண்டி அளவு போட்டு, தேதி எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். பின்னால் மருத்துவருக்கு அதுதான் உதவும். தடிப்பைக் கைப்பேசியில் படம் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் தோல் பளிங்கு மாதிரி இருக்கும்.

இன்னும் மூன்று கேள்விகளைத் தவறாமல் எழுதுங்கள். தின்றதற்கு முன்னோ பின்னோ ஏற்றம் ஏறினீர்களா? இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை போட்டீர்களா? மது குடித்தீர்களா, காய்ச்சல் இருந்ததா? ஒரே பண்டம் வீட்டில் உட்கார்ந்து தின்றால் ஒன்றும் செய்யாமல், தின்றுவிட்டுத் தொட்டபெட்டா ஏறினால் மட்டும் தடிப்பைக் கிளப்புவதுண்டு. “போன வாரம் இதையே சாப்பிட்டேனே, ஒண்ணும் ஆகலியே” என்று குழம்புகிறவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கும். இன்னொரு காரணம், சாயத்தில் ஒட்டி வரும் புரதத்தின் அளவு எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றாக இருக்காது.

சாயத்தின் மேல் பழி போடுமுன்

உள்ளதைச் சொன்னால், இயற்கைச் சாய ஒவ்வாமை அரிது. ரோஸ் நிறச் சாக்லேட் தின்று தடித்தால், சந்தேகப் பட்டியலில் முதலில் முந்திரி, பாதாம், வேர்க்கடலை, பால், சோயா லெசித்தின், சாயம் கடைசியில். வீட்டில் செய்யும் சாக்லேட்டில் ஒரே அச்சு, ஒரே கரண்டி எல்லாவற்றுக்கும் போய் வரும். பருப்பு போடாத துண்டிலும் பருப்புத் தூள் இருக்கும்.

மலைக்கே உரிய ஓர் ஏமாற்றுக்காரன் குளிர். ஏரிக்கரையில் காற்றடிக்கும்போது ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் தின்று உதடு வீங்கினால், காரணம் சிவப்புச் சாயமாகவும் இருக்கலாம், குளிர்ச்சியாகவும் இருக்கலாம். குளிரால் எழும் காணாக்கடி என்று தனியே ஒரு நோய் உண்டு. பனிக்கட்டியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கட்டி வைத்த வடிவிலேயே தோல் தடித்து நின்றால் சாயத்தை விட்டுவிட்டுக் குளிரைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஏற்கெனவே மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தவர்கள் இதை வீட்டில் செய்யக்கூடாது.

பச்சைக் கேரட், பீச், பிளம் கடித்தால் வாயும் தொண்டையும் மட்டும் நமநமவென்று அரிக்கிறதா? அது பழத்தின் புரதம். ஜாமில் போட்ட சாயம் அல்ல. பீட்ரூட் தின்ற மறுநாள் சிறுநீர் சிவந்தால் அது ஒவ்வாமையே இல்லை, பீட்ரூட்டின் நிறம் அப்படியே வெளியேறுகிறது.

சமையலறையை வைத்துச் சலித்தெடுப்பது

இயற்கைச் சாயங்களின் பட்டியல் நீளம். நம் அடுப்பங்கரையே அதில் பாதியைக் கழித்துத் தந்துவிடும். தினம் சாம்பாரில் மஞ்சள்தூள் தின்று ஒன்றும் ஆகாதவருக்கு ஐ.என்.எஸ். 100 (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) என்ற குர்குமின் பெரும்பாலும் பகை இல்லை. மிளகாய் ஒத்துக்கொள்கிறவருக்குப் பாப்ரிகாச் சாறு (160சி), பீட்ரூட் பொரியல் ஒத்துக்கொள்கிறவருக்கு 162, கேரட் ஒத்துக்கொள்கிறவருக்குக் கேரட்டிலிருந்து எடுத்த 160ஏ. இவற்றைப் பட்டியலின் கீழே தள்ளலாம். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் விற்கும் சாயம் வெறும் சாயமல்ல. அதைக் கரைக்கவும் கட்டிப்படாமல் வைக்கவும் பாலிசார்பேட், லெசித்தின், மாவுப் பொருள்கள் சேர்ப்பார்கள். சில நேரம் குற்றவாளி அந்தத் துணைப்பொருளாக இருக்கும்.

சலித்த பிறகு மேலே நிற்பவை இவை.

கார்மைன், ஐ.என்.எஸ். 120. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கோச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. (18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இந்தச் சாயத்துக்காகவே மதராஸ் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுப் பார்த்தார்.) இயற்கைச் சாயங்களில் கடுமையான ஒவ்வாமைக்கு அதிகம் அறியப்பட்டது இதுதான், பூச்சியின் புரதம் சாயத்தோடு கூட வருகிறது. பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் வயது வந்த பெண்கள். உதட்டுச்சாயம், இமையில் பூசும் ஐ ஷேடோ போன்றவற்றிலும் இது உண்டு என்பதால், தோல் வழியாக உடம்பு முதலில் பகை கொண்டு, பிறகு உணவில் பழி தீர்க்கிறது என்று கருதுகிறார்கள். ஒப்பனைப் பொருள் உறையில் இதன் அடையாளம் சி.ஐ. 75470. உதட்டுச்சாயம் பூசினால் உதடு எரிகிறது என்பவர் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அன்னாட்டோ, ஐ.என்.எஸ். 160பி. லிப்ஸ்டிக் மரம் என்று தோட்டங்களில் வளர்க்கிறார்களே, மயிர்க்கூச்செறிந்த மாதிரி முள் நிறைந்த சிவப்புக் காய், அதன் விதை மேல் உள்ள செம்மஞ்சள். செடர் வகைச் சீஸ், வெண்ணெய், ஐஸ்கிரீம், பிஸ்கட் ஆகியவற்றின் மஞ்சள் பல நேரம் இதுவே. எண்ணெயில் கரைவது பிக்ஸின், நீரில் கரைவது நார்பிக்ஸின். இரண்டையும் அட்டையில் காணலாம். உயிருக்கு ஆபத்தான எதிர்வினை அரிது, ஆனால் உண்டு. 1991இல் மருத்துவ இதழில் ஒரு நோயாளி பற்றிய அறிக்கை வந்தது. சீஸ் தின்றால் தடிக்கிறது என்பவர், நிறம் போடாத வெள்ளைச் சீஸும் பாலும் ஒத்துக்கொள்கின்றனவா என்பதைப் பழைய அனுபவத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பால் ஒத்துக்கொண்டு மஞ்சள் சீஸ் மட்டும் சண்டை போட்டால் அன்னாட்டோவைச் சந்தேகிக்கலாம்.

குங்குமப்பூ, நீல நிறத்துக்கான ஸ்பைருலினா என்ற பாசி: இரண்டிலும் ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது, மிக அரிதாக.

கடைசியாக, சாயத்தோடு சுற்றும் சல்ஃபைட் என்ற, கெடாமல் காக்கும் பொருள். கேரமல் சாயத்தில் 150பி, 150டி இரண்டும் சல்ஃபைட் சேர்த்துச் செய்பவை. பழுப்பு மாறாமல் பளிச்சென்று இருக்கும் உலர்பழங்களில் 220, வெளிர்நிற ஸ்குவாஷில் 224. ஆஸ்துமாக்காரர்களுக்கு இது தடிப்பைவிட இளைப்பைக் கொண்டுவரும். பிளம், நாவல் போன்ற செந்நிற ஸ்குவாஷில் பொதுவாகச் சல்ஃபைட் போடுவதில்லை, நிறம் வெளுத்துவிடும் என்பதால். அங்கே 211 என்ற பென்சோயேட் இருக்கும்.

அட்டையைப் படிப்பது

முதல் பொறி இதுதான்: உறையில் தடித்த எழுத்தில் இருக்கும் ஒவ்வாமை வரியை மட்டும் படித்துவிட்டு வாங்குவது. இந்திய விதிப்படி அந்த வரியில் வர வேண்டியவை பசையம் உள்ள தானியம், ஓடுள்ள கடலினம், பால், முட்டை, மீன், கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட். சாயம் எதுவும் அதில் இல்லை. எனவே பொருள் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். சாயம் பெரும்பாலும் கடைசி இரண்டு வரியில் ஒளிந்திருக்கும். எழுத்து பொடி. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள்.

‘அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறம்’ என்று பார்த்தால் நிற்காதீர்கள், அடைப்புக்குறிக்குள் எண் என்ன என்று தேடுங்கள். வெளிநாட்டுப் பண்டத்தில் அதே எண் ‘இ’ என்ற எழுத்தோடு வரும்: இ 120, இ 160பி. கார்மைனுக்குக் கோச்சினீல், கார்மினிக் அமிலம், நேச்சுரல் ரெட் 4 என்று வேறு பெயர்களும் உண்டு. அமெரிக்காவில் 2011 ஜனவரியிலிருந்து கார்மைனைப் பெயர் சொல்லித்தான் அச்சிட வேண்டும். ஆகவே அங்கிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாயில் தேடுவது எளிது. பச்சைப் புள்ளி இருந்தால் பூச்சிச் சாயம் இருக்கக்கூடாது. அது நல்ல முதல் சல்லடை, ஆனால் அன்னாட்டோவை அது தடுக்காது. மாத்திரை, சிரப், பல்பசை உறைகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அட்டையே இல்லாத பண்டம்

மலையில் பாதிப் பண்டம் எடை போட்டு, வெள்ளைக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பது. அங்கே கேள்விதான் அட்டை. “இயற்கையா?” என்று கேட்காதீர்கள், “ஆமா” என்ற பதிலைத் தவிர வேறு வராது. “கலர் பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்கண்ணா, எனக்குச் சில கலர் சேராது” என்று கேளுங்கள். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் சாயமோ தூளோதான் போட முடியும். தண்ணீர்ச் சாயம் பட்டால் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். ஆகவே “பீட்ரூட் சாறு ஊத்தினோம்” என்று ரோஸ் சாக்லேட்டைக் காட்டிச் சொன்னால் இன்னொரு தடவை விசாரியுங்கள். பாட்டில் இல்லை, தெரியாது என்றால் அன்றைக்கு அந்தப் பண்டம் உங்களுக்கு இல்லை. சாயமே போடாத கறுப்புச் சாக்லேட்டைக் கேட்டு வாங்கலாம், பருப்புக்கணக்கு தனி.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை புரியும். வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஜாமை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். பிளம், திராட்சைத் தோல் நிறமாக இருந்தால் செம்மை மங்கி நீலம், சாம்பல், பச்சை என்று மாறும். மஞ்சள் இருந்தால் செம்பழுப்பாகும். அசையாமல் சிவப்பாகவே நின்றால் பழத்தின் சொந்த நிறம் போக வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். கேள்வி கேட்கத் துணிவு தரும் சோதனை இது. ‘தின்னலாம்’ என்று சொல்லும் தகுதி இதற்கு இல்லை. நிறம் மாறியதில் கொஞ்சம் கார்மைன் கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மூன்று வாரம்

லேசான தடிப்பு, அரிப்பு மட்டும் வருகிறவர்களுக்கு இது. சந்தேகப்பட்ட ஒரே ஒரு சாயத்தை மூன்று வாரம் முழுமையாக நிறுத்துங்கள். நாலைந்தைச் சேர்த்து நிறுத்தினால் எது என்று தெரியாது, குழந்தைக்கோ சத்தும் குறையும். மலையில் இது கடினமல்ல. இட்லி, சோறு, களி, கேரட், உருளை, பீன்ஸ், கீரை, வீட்டில் உறைக்குத்திய தயிர் என்று வாழ்ந்தால் சாயம் தானாக விலகும். தடிப்பு வந்த நாள், வராத நாள் இரண்டையும் குறியுங்கள். மூன்று வாரத்திலும் தடிப்பு அதே கணக்கில் வந்துகொண்டிருந்தால் அந்தச் சாயம் நிரபராதி. ஆறு வாரத்துக்கு மேல் அநேகமாக தினமும் எழும்பும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் உணவு காரணமே இல்லை.

நின்றுவிட்டது என்றால் ‘சரிபார்க்க’ நீங்களே மறுபடி தின்று பார்க்காதீர்கள். மறு சோதனை மருத்துவமனையில், கையில் ஊசி மருந்து தயாராக இருக்கும் இடத்தில் மட்டும். ஒருமுறையாவது மூச்சோ மயக்கமோ வந்தவர்கள் இந்த மூன்று வார வேலையே செய்யாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரிடம்

ஒவ்வாமைச் சோதனைக்கு நீலகிரிக்காரர்கள் கோவைக்கும், கொடைக்கானல்காரர்கள் மதுரைக்கும் போவது வழக்கம். முன்பதிவு செய்யும்போதே “நாங்கள் கொண்டுவரும் பண்டத்தை வைத்து ஊசிமுனைச் சோதனை செய்வீர்களா?” என்று கேளுங்கள். பால், கடலைக்கு ஆயத்தச் சாறு எங்கும் கிடைக்கும். இயற்கைச் சாயங்களுக்கு அப்படி இருக்காது. ஃப்ரீசரில் வைத்த மாதிரி, உறை, நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள்.

சோதனைக்கு 5 முதல் 7 நாள் முன்பே செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும், மருத்துவரைக் கேட்டுவிட்டு. சளி, தும்மலுக்கான கூட்டு மாத்திரைகளிலும் இவ்வகை மருந்து இருக்கும். அது தெரியாமல் போட்டுப் போனால் தோல் எழும்பாது. இறங்கி ஏறிய செலவு வீண். முன்கையில் ஒரு துளி வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் அளப்பார்கள். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால் அந்தப் பொருள் மேல் உடம்பு விழித்திருக்கிறது. அதுவும் உங்கள் நோட்டும் ஒத்துப்போனால்தான் முடிவு. கடும் எதிர்வினை வந்து நான்கு வாரம் ஆகாமல் சோதனை செய்தால் பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம்.

தலைமுடியை அனுப்பச் சொல்லும் சோதனைகள், இருநூறு உணவுக்கு ஒரே இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பொதிகள் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐ.ஜி.ஜி. என்பது அந்த உணவை நீங்கள் தின்றிருக்கிறீர்கள் என்பதற்கான சுவடு, அவ்வளவே. ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது ஐ.ஜி.இ. என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதம்.

உறுதியான பிறகு

தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் பக்கத்து மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கடும் ஒவ்வாமை உறுதியானவர்கள், அட்ரினலின் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் வீட்டில் வைக்கலாமா, யார் போடுவது, எந்தக் கோடுவரை இழுப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, வீட்டில் இருவர் பழகிக்கொள்ள வேண்டும். ஆம்பூலை வெயில் படாமல் வையுங்கள்; காரின் டாஷ்போர்டில் விட்டால் சமவெளி இறங்கும்போது வெந்துவிடும். மருந்து பழுப்பேறினாலோ தேதி முடிந்தாலோ மாற்றுங்கள். தோலரிப்புக்குச் செட்டிரிசின் போட்டவர் அன்று மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டாம், தூக்கம் வரும்.

ஒரு சின்ன அட்டை எழுதிப் பணப்பையில் வையுங்கள். இப்படி:

“எனக்குக் கார்மைன் (120) என்ற சிவப்புச் சாயம் சேராது. தின்றால் மூச்சு அடைக்கும். இந்தப் பண்டத்தில் போட்ட கலர் பாட்டிலைக் காட்ட முடியுமா? நான் மயங்கினால் 108 கூப்பிடுங்கள், அட்ரினலின் ஊசி தேவை என்று சொல்லுங்கள்.”

பின்பக்கத்தில் இரத்த வகையும், வீட்டில் ஒருவருடைய எண்ணும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அதையே மலையாளத்திலும், மைசூர் சாலையில் அடிக்கடி போகிறவர்கள் கன்னடத்திலும் ஒரு படி எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்றால் இன்னும் இரண்டு படிகள்: ஒன்று வகுப்பாசிரியரிடம், இன்னொன்று பள்ளி வேன் ஓட்டுநரிடம்.